கிணற்று மோட்டார்கள் வாசித்த பதினான்கு பாட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். இருகூர் மணியகாரர் வீட்டு மூத்த மகள் சம்பூரணம்மாள், வயது எண்பத்து நான்கு. அவருடைய தம்பி மகன் செந்தூரன், வயது ஐம்பத்து நான்கு. மறைந்தவர்களின் சம்மதத்தைப் பதியும் இசைவு அலுவலர் கதீஜா பானு. ‘நிறைவொலி’ இசைத்தட்டு நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து வந்திருந்த நிலவன். பதிவேட்டில் ஐந்தாவதாக ஒரு பெயர் இருக்கிறது: ‘ஆ. நாச்சிமுத்து, இசையமைப்பாளர், நேரில்.’ அது பொய். செந்தூரனின் அப்பா நாச்சிமுத்து செத்து ஐம்பத்தோரு வருஷமாகிறது. செத்த மனிதன் நேரில் வந்தான் என்று அரசாங்கப் பதிவேட்டில் எழுதி, அதற்கு முத்திரையும் குத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்த ‘நேரில்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே சம்பூரணம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“இத ஆருங்க எழுதுனது?”

“நான்தாம்மா,” என்றார் கதீஜா பானு. “நிழல் பேசுற கூட்டத்துல, சம்பந்தப்பட்டவர் வந்திருக்கறதாத்தான் எழுதணும். சட்டம் அப்படி.”

“வந்திருக்கறானா? அப்ப ஒரு சேர் போடுங்க. குடிக்கத் தண்ணி குடுங்க. நாங்க மூணாம் நாள் பால் ஊத்திச் சாம்பல் அள்ளுனமே, அது ஆரோட சாம்பலுங்க?”

“அத்தை, கொஞ்சம் சும்மா இருங்,” என்றான் செந்தூரன். அவன் கையில் ஒரு துணிப்பை கனத்துத் தொங்கியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அத்தை அதைத் தூக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். என்ன என்று சொல்லவில்லை. “இதுக்குள்ள அம்மிக்கல்லா வெச்சிருக்கறீங்?” என்று அவன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான்.

“கால்கிட்ட வெய்யி. சொல்றப்ப எடு.”

மேசையின் நடுவில், சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதுதான் நிழல். மறைந்தவரின் எழுத்தையும் பேச்சையும் தின்று, அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லும் யந்திரம். அதன் சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு.

நிலவன் எழுந்து நின்று பேசினான். நல்ல பையன். மரியாதை தெரிந்தவன். அதுதான் சம்பூரணம்மாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டுவதற்குச் சௌகரியம்.

“மேடம், டெக்னோங்கற யந்திர இசை எங்கெங்கயோ பிறந்துட்டு இருந்த அதே வருஷங்கள்ல, இருகூர்ல மோட்டாருக்குக் காயில் சுத்துற ஒரு ஷெட்டுல, ஒருத்தர் யாரையும் கேட்காம தானா அதைக் கண்டுபிடிச்சிருக்கார். பழைய டிரான்ஸ்ஃபார்மர், ரேடியோ வால்வு, ஒரு ரிதம் பெட்டி. அவ்வளவுதான். எண்பத்து நாலுலேர்ந்து எண்பத்தெட்டு வரைக்கும் அவர் பண்ணின பதினாலு பாட்டையும் முதல் தடவையா ஒரே தொகுப்பா கொண்டுவர்றோம். நான் பதினஞ்சு வயசுலேர்ந்து அவரைக் கேக்கறேன். இது எனக்குக் கோயில் வேலை.”

“கோயில் வேலைன்னு சொல்லீட்டு சாமி மூக்க ஏன் செதுக்கறீங்க?”

நிலவன் முகம் சுருங்கியது. “செதுக்கலை மேடம். பதினாலு பாட்டுலயும் ஒரே பிழை இருக்கு. பாதியில வேகம் தொய்யுது. சுருதி வழுக்கிக் கீழ இறங்குது. கொஞ்ச நேரம் கழிச்சு நிமிர்ந்துக்குது. அந்தக் காலத்து லோ வோல்டேஜ். எங்க யந்திரம் அதை நேராக்கிடுச்சு. ஏழாவது பாட்டுல எலி கத்துற மாதிரி ஒரு கீச்சு இருந்தது. அதையும் எடுத்துட்டோம்.”

“எடுத்துட்டீங்க.”

“சுத்தமா.”

“சரி, நீங்க உங்க நேரானதப் போடுங்க. பழசு பாட்டுக்குப் பழசா இருக்கட்டும். கேக்கறவன் ரெண்டையுங் கேக்கட்டும்.”

கதீஜா பானு குறுக்கிட்டார். “அதுக்கு வழி இல்லீங்கம்மா. பத்து வருஷத்துக்கு முன்னால போலிப் பாட்டு வெள்ளமா வந்துச்சே, ஞாபகம் இருக்குங்களா? செத்துப்போன பாடகர் பேர்லயெல்லாம் தினம் நூறு பாட்டு. எது நிசம்னு தெரியாம ஜனங்க பழசையே கேக்கறத விட்டுட்டாங்க. அதுக்குத்தான் ஒரு பாட்டுக்கு ஒரே மூலம்னு சட்டம் வந்தது. எது மூலம்னு பாடினவர் சொல்லணும். அவர் இல்லேன்னா நிழல் சொல்லணும். மத்த வடிவமெல்லாம் எல்லா இடத்துலேர்ந்தும் திரும்ப எடுத்துருவோம்.”

“எங்கூட்டுப் பீரோவுல இருக்கற கேசட்டு?”

“சீல் வெப்போம். அழிக்க மாட்டோம்.”

“பொணத்தையும்தான் ஐஸ் பெட்டில வெக்கறாங்க. அழிக்கறதில்ல.”

செந்தூரன் தலையில் கைவைத்துக்கொண்டான். உரிமைக்காரன் அவன்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். தகப்பன் பெயர் உலகமெங்கும் தெரியட்டும் என்ற ஒரே ஆசை. அவனைக் குறைசொல்ல சம்பூரணம்மாளுக்கு வாய் வரவில்லை. மூன்று வயதில் தகப்பனை மஞ்சள் காமாலைக்குக் கொடுத்தவன். அவனுக்கு அப்பா என்றால் ஒரு புத்தகம். பாரிசில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த புதுச்சேரிக்காரர் லூர்துநாதன், நாச்சிமுத்து தனக்கு எழுதிய அறுபத்தோரு கடிதங்களையும் தொகுத்து அச்சிட்ட புத்தகம். செந்தூரன் அதைத் தலைகீழாக ஒப்பிப்பான். இந்த நிழலும் அந்தப் புத்தகத்தைத் தின்றுதான் வளர்ந்திருந்தது.

“ஆரம்பிக்கலாங்களா?” என்று கதீஜா பானு பெட்டியின் மூடியில் விரலை வைத்தார்.

முதலில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு குரல். சம்பூரணம்மாளின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. அது நாச்சிமுத்துவின் குரலேதான். பாட்டு தொடங்குமுன் நாடாவில் அவன் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவானே, அதை வைத்துப் பிடித்திருந்தார்கள். தொண்டையில் அதே கரகரப்பு.

“மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்,” என்றது நிழல். “என் ஒலிநாடாக்களில் காணப்படும் வேகக் குறைபாடு எங்கள் ஊரின் மின்னழுத்தத்தால் நேர்ந்தது. அதற்காக வருந்துகிறேன். நல்ல கருவிகள் கிடைக்குமாயின் அவற்றைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்பதே என் விருப்பம். இதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்.”

“இருபத்து மூணாவது கடிதம்,” என்று முணுமுணுத்தான் செந்தூரன். கண் கலங்கியிருந்தது. “எங்கப்பா கொரல் இப்படித்தான் இருக்குமுங்களா, அத்தை?”

“கொரல் இப்படித்தான் இருக்கும்,” என்றார் சம்பூரணம்மாள்.

 ஆனால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று நாச்சிமுத்து தன் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து என்றால் அவனுக்கு வேப்பங்காய். மணியகாரர் வீட்டுப் பையனுக்கு எழுதத் தெரியாது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? பாரிஸ்காரர் கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். பம்புசெட் கம்பெனியில் கடிதப் பிரிவில் வேலை பார்த்த அக்கா, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனித் தட்டச்சில் பதில் அடித்தார். ஒன்றல்ல, அறுபத்தொன்று. மோட்டார் பழுதென்று புகார் எழுதும் வாடிக்கையாளருக்கு என்ன நடையில் பதில் போடுவாரோ அதே நடையில் போட்டார். நாச்சிமுத்து கீழே கையெழுத்து மட்டும் போடுவான். “என்ன எழுதியிருக்கறேன்னு கேக்க மாட்டியாடா?” என்றால், “நீ எழுதுனா செரியாத்தான்க்கா இருக்கும்” என்பான்.

சரியாக இல்லை. அதுதான் இப்போது தெரிகிறது.

பாட்டு ஏன் நடுவில் தொய்கிறது என்று லூர்துநாதன் கேட்டிருந்தார். ஆசையோடுதான் கேட்டிருந்தார். சம்பூரணத்துக்கு அது அவமானமாகப் பட்டது. பிரான்சில் இருக்கிறவன் நம் ஊர்க் கரண்டைப் பற்றிக் கேட்கும்படி ஆயிற்றே என்று மனம் குன்றினார். தம்பியைக் கேட்காமலே மன்னிப்புக் கேட்டு எழுதினார். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற எழுதிய அந்த நான்கு வரி, இன்று ஒரு தூக்குப்போசிக்குள்ளிருந்து தம்பியின் குரலிலேயே பேசி, அவன் பாட்டை வெட்டச் சம்மதம் கொடுக்கிறது.

“அப்ப சம்மதம்னு பதிஞ்சுக்கலாங்களா?” என்றார் கதீஜா பானு.

“நில்லுங்க.” சம்பூரணம்மாள் எழுந்தார். முதுகு வளையாத உடம்பு. ஊன்றுகோலைப் பேருக்குத்தான் பிடித்திருந்தார். “ஒரு கேள்வி நான் கேக்கோணும். அதுக்கு மொதல்ல ஒரு வெள்ளைத்தாள் குடுங்க.”

தாள் வந்தது. அவர் நின்றபடியே எழுதினார். நிதானமாக, ஒரு அடித்தல் இல்லாமல். மடித்துக் கதீஜா பானுவின் உள்ளங்கையில் வைத்தார். “நாஞ் சொல்றப்ப பிரிங்க. செந்தூரா, பையத் தொற.”

பைக்குள் ஓர் அட்டைப்பெட்டி. பழுப்பேறி, ஓரம் நைந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. மேலே வட்டமாக ஒரு கறை. முடிச்சில் கம்பெனி வைத்த ஈய முத்திரை இன்னும் அப்படியே இருந்தது.

“இது ஸ்டெபிலைசருங்க. வோல்டேஜ் ஏறாம எறங்காம பாத்துக்கற சாமான். எம்பத்தஞ்சுல என்ற தம்பிக்கு நான் வாங்கிக் குடுத்தது. இதப் பத்தி அந்தக் கடுதாசி ஒண்ணுலயும் இல்ல. நீங்க வேணும்னா தேடிப் பாருங்க.” பிறகு அவர் கறுப்புப் பெட்டியின் பக்கம் திரும்பினார். அதை டா போட்டு அழைக்க அவருக்கு நா எழவில்லை. “ஏனுங்க. நான் வாங்கிக் குடுத்த ஸ்டெபிலைசர நீங்க ஏன் பிரிக்கவே இல்ல?”

நிழல் ஒரு கணம் யோசித்தது. யோசிக்கிற மாதிரி நடித்தது என்று சொல்வதுதான் சரி.

“அன்புள்ள அக்கா,” என்றது. “தாங்கள் அன்புடன் வழங்கிய கருவியை வேலை மிகுதியால் இதுவரை பயன்படுத்த இயலவில்லை. தாமதத்திற்கு வருந்துகிறேன். விரைவில் பொருத்தி, அதன் பலனைத் தங்களுக்குத் தெரிவிப்பேன்.”

“பிரிங்க,” என்றார் சம்பூரணம்மாள்.

கதீஜா பானு தாளைப் பிரித்தார். மனதுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். “அன்புள்ள அக்கா, தாங்கள் அன்புடன் அளித்த கருவியை வேலை மிகுதியால் இன்னும் பயன்படுத்த இயலவில்லை. தாமதத்திற்கு வருந்துகிறேன். விரைவில் பொருத்தி அதன் பலனைத் தெரிவிப்பேன்.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “எப்படிங்கம்மா?”

“எப்படின்னா? நான் என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியாதுங்களா? அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது என்ற தம்பி இல்லீங்க. நான். அறுபத்தோரு கடுதாசியும் நான் அடிச்சது. என்ற தம்பிக்கு எழுதத் தெரியாது.”



“இது பெரிய விஷயங்கம்மா,” என்றார் கதீஜா பானு மெதுவாக. “பதிவாகுது. அடுத்தவர் பேர்ல எழுதினதா ஆகும். அந்தப் புத்தகம்…”

“பதிவாகட்டும். ‘நேரில்’னு பொய்யப் பதிஞ்ச பதிவேட்டுல நிசம் ஒரு வரி இருந்தாத் தேயாது.”

நிலவன் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். “அப்ப உண்மையில அவர் என்ன சொன்னார், மேடம்? ஸ்டெபிலைசரை ஏன் பிரிக்கலை?”

அது நல்ல கேள்வி. இவ்வளவு நேரத்தில் அந்த அறையில் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி என்று சம்பூரணம்மாள் நினைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அந்தக் காலத்துல தோட்டத்துக் கிணத்து மோட்டாருக்கு நாளெல்லாம் கரண்ட் வராதுங்க. த்ரீ பேஸ் சாயந்தரம் நாலு மணிக்கு விடுவாங்க. விட்டதும் இருகூர், சூலூர், அந்தப் பக்கம் பீடம்பள்ளி வரைக்கும் அத்தன மோட்டாரையும் ஒரே நேரத்துல போடுவாங்க. ஊட்டுல பல்பு செவந்து போகும். ஃபேன் நின்னு நின்னு சுத்தும். இவன் அந்த நாலு மணிக்காகக் காலைலருந்து காத்துட்டு ஒக்காந்திருப்பான். நாலுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப பாட்ட ஆரம்பிப்பான். எங்க தொய்யோணும்னு கணக்குப் பண்ணியே ஆரம்பிப்பான். நான் ஸ்டெபிலைசரக் கொண்டுபோய் வெச்சப்ப என்னையப் பாத்துச் சிரிச்சான். ‘அக்கா, ஊருல இருக்கற அத்தன கெணத்து மோட்டாரும் எங்கூட வாசிக்குது. அத எதுக்குக் கட்டிப் போடோணுங்கறே?’ன்னான். அப்பறம் அந்தப் பொட்டி மேல டீ டம்ளர் வெச்சுக்கிட்டான். அந்தக் கறைதான் இது.”

அவர் அட்டைப்பெட்டியின் வட்டக் கறையை விரலால் தொட்டார்.

“எனக்குக் கோவம். நான் பாத்துப் பாத்து வாங்கியாந்த சாமான டம்ளர் வெக்கற பலகையாக்கிட்டானேன்னு. அந்தக் கோவத்துலதான் அவன் சொன்னத பாரிஸ்காரருக்கு எழுதல. நாஞ் சொல்லோணும்னு நெனச்சத எழுதுனேன். அவன் பாட்டுல பிழையே இல்லீங்க. பிழையெல்லாம் நான் எழுதுன கடுதாசில.”

 செந்தூரன் அத்தை பக்கம் திரும்பினான்.

“நாப்பத்தெட்டாவது கடிதம்?”

சம்பூரணம்மாள் அவனைப் பார்க்கவில்லை.

“நான் பொறந்தப்ப எழுதுனது. ‘எனக்கு மகன் பிறந்திருக்கிறான், இனி நான் செய்யும் இசை அவன் காதுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும்.’ அதுவுமா அத்தை?”

“அதுவும் நாந்தான், சாமி.”

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றான். ஐம்பத்து நான்கு வயது ஆள். தோள் குலுங்காமல் நிற்கப் பாடுபட்டான். ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு முறைதான் தகப்பன் சாக வேண்டும். இவனுக்கு இரண்டாவது முறை அதைச் செய்தது தன் கைதான் என்று சம்பூரணம்மாளுக்குத் தெரிந்தது. பாட்டைக் காப்பாற்ற இந்த விலை ஆகும் என்று இரண்டு மாதமாக அவருக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு மாதமாக அவர் உறங்கவில்லை.

“அப்ப அவரு என்னையப் பத்தி என்னதாஞ் சொன்னாரு?” ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஒண்ணுஞ் சொல்லல. அவன் சொல்ற ஆளில்ல. ஆனா நாலு மணியாச்சுன்னா உன்னைத் தூக்கீட்டு ஷெட்டுக்குப் போயிருவான். மடியில வெச்சுக்குவான். மோட்டாரு போடறப்ப பல்பு மங்கும் பாரு, அதக் காட்டுவான். நீ அதுல என்ன கண்டயோ தெரியல, ஒவ்வொரு தடவையும் கீச்சுன்னு ஒரு சிரிப்பு. நாடா ஓடிட்டு இருக்குதுடா, கொழந்தைய வெளிய குடுன்னா, கேக்க மாட்டான். ‘அவனும் வாசிக்கட்டும்க்கா’ம்பான்.” அவர் நிலவனிடம் திரும்பினார். குரல் தணியவில்லை. “ஏழாவது பாட்டுல எலி கத்துதுன்னு எடுத்தீங்களே தம்பி. சுத்தமா.”

நிலவன் தன் கைக்கருவியை எடுத்து எதையோ தேடினான். பழைய நாடாவிலிருந்து எடுத்த வடிவம் அது. ஏழாவது பாட்டு அறையில் ஒலித்தது. உலோகத் தகட்டில் மழை விழுவது போல நேராக ஓடிய தாளம், இரண்டாம் நிமிஷம் கடந்ததும் கால் தளர்ந்தது. சுருதி பள்ளத்தில் இறங்குவது போல இறங்கியது. ஆயிரம் கிணறுகள் ஒரே மூச்சில் உறிஞ்சின. அந்தப் பள்ளத்தின் அடியில், கீச்சென்று ஒரு சிரிப்பு.

செந்தூரன் அந்தப் பாட்டை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பான். ஒரு முறைகூடத் தன்னை அதில் கேட்டதில்லை. “இன்னொருக்கா போடுங்க,” என்றான். நிலவன் போட்டான். “இன்னொருக்கா.”

கதீஜா பானு கறுப்புப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். சாத்துமுன் அது ஏதோ சொல்ல வாயெடுத்தது. மதிப்பிற்குரிய என்ற வரைக்கும் வந்தது. பதிவேட்டில் எழுதியதை அடிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. கீழே ஒரு குறிப்பு மட்டும் எழுதினார்: ‘நிழல் வேறொருவருடையது. இசைவு செல்லாது. பழைய நாடாவே மூலம்.’

தொகுப்பு மறு வருஷம் வெளிவந்தது. பதினான்கு பாட்டும் தொய்வோடு, கீச்சோடு. ஸ்டெபிலைசரின் அட்டைப்பெட்டியையே நிலவன் முகப்புப் படமாகப் போட்டிருந்தான், டீக்கறை தெரியும்படி. செந்தூரன் மூன்று மாதம் அத்தை வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு ஒரு நாள் சாயந்தரம் வந்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். “உங்க புஸ்தகம், நீங்களே வெச்சுக்கங்,” என்றான். காப்பி குடித்தான். நாலு மணி ஆனதும் ஏழாவது பாட்டைப் போடச் சொன்னான்.

அதன் பிறகு ஒரு பேச்சு கிளம்பி ஊரெல்லாம் சுற்றுகிறது. கடிதங்களை எழுதியவர் அக்காதான் என்றால் பாட்டையும் அவர்தான் செய்திருப்பார், அந்தக் காலத்துப் பெண் என்பதால் தம்பி பெயரில் மறைத்துவிட்டார்கள் என்று. பாரிஸ் பத்திரிகை ஒன்று இதைப் படத்தோடு போட்டது. கோவையில் சிலர் சம்பூரணம்மாளுக்குப் பாராட்டு விழா எடுக்க மண்டபம்கூடப் பார்த்துவிட்டார்கள்.

அது தவறு. சம்பூரணம்மாள் எழுதியது அறுபத்தோரு கடிதங்கள். பாட்டு பதினான்கும் ஆ. நாச்சிமுத்து செய்தவை. சம்பூரணம்மாளுக்குத் தாளம் போடக்கூட வராது.